மேட்டு வால்வை மூடச் சொல்வோருக்கு

கூட்டுக் குடிநீர்த் திட்டங்களின் பெருங்குழாய்கள் நெடுஞ்சாலையை ஒட்டிச் செல்லும் ஊர்களிலெல்லாம், குழாய் மேடேறி இறங்குமிடத்தில் நிற்கும் ஏர் வால்வைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வெகுநாளாக நிலைபெற்றிருக்கிறது. அது தண்ணீரை விரயமாக்கும் ஒரு சாதனம். கசிந்து கசிந்து சாலையோரத்தைச் சேறாக்குவதைத் தவிர அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. குழாயை முதன்முதலில் நிரப்பும்போது உள்ளிருந்த காற்று வெளியேறுவதற்காக வைத்தார்கள், அந்தக் காரியம் முடிந்துவிட்டபடியால் அதன் அடியிலுள்ள அடைப்பு வால்வைத் திருகி மூடிவிடுவதே விவேகம் என்பது அந்த அபிப்பிராயத்தின் சாரம். பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுவோர் இதைச் சொல்கிறார்கள்; ஊராட்சிக் கூட்டங்களில் இதையே சொல்கிறார்கள். குழாயின் குணம் அறியாதவர்கள் மட்டும் இதைச் சொல்லிக்கொண்டிருந்தால் மறுப்பென்று ஒன்று எழுத அவசியமிராது. குழாய்களைப் பராமரிக்கும் பொறுப்பிலிருப்போரிலும் பலர், கசிவைப் பற்றிய புகார் வந்த மாத்திரத்தில் சாவியோடு ஆளை அனுப்பி மூடச் செய்துவிட்டு, அதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்டால், "பதினைந்து கிலோ அழுத்தத்தில் சோதித்து வாங்கிய குழாய் ஐயா, வெறும் காற்றா அதை நசுக்கிவிடும்?" என்று திருப்பிக் கேட்கிறார்கள் என்பதுதான் கவலைக்குரியது. கேட்கத்தக்க கேள்விதான் அது. ஆனால் கேட்பவர்கள் விடைக்குக் காத்திருப்பதில்லை.

கசிவு உண்மை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். செங்கல் கட்டிய அறையொன்றுக்குள் வார்ப்பிரும்பு வால்வு நிற்கும். அதன் தலையிலிருந்து நீர் விசிறியாய்ப் பீச்சிக்கொண்டிருக்கும். சுற்றிலும் பிளாஸ்டிக் குடங்களும், துணி துவைப்போரும், வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் குளிக்கும் லாரிக்காரரும் இருப்பார்கள். ஆனால் அந்த வால்வின் மூடியைக் கழற்றி உள்ளே நோக்கியவருக்கே கசிவின் காரணம் விளங்கும். இரண்டு அறைகள்; ஒன்றின் தலையில் பெரிய துவாரம், மற்றதன் தலையில் பென்சில் முனை நுழையுமளவு சிறு துவாரம்; ஒவ்வொன்றின் கீழும் நீரில் மிதக்கும் ஓர் உருண்டை. குழாயில் நீர் ஏறும்போது உருண்டை மிதந்தெழுந்து, துவாரத்தைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தில் பதிந்து வழியை அடைக்கிறது. நீர் தாழ்ந்தால் உருண்டையும் தாழ்ந்து வழி திறக்கிறது. அந்த வளையம் காய்ந்து வெடித்தாலும், ஒரு மணல் பருக்கை இடையில் சிக்கினாலும், தண்ணீருக்கு வேறு கதியற்ற ஊரார் எவரேனும் குச்சியைச் செருகி உருண்டையைச் சாய்த்து வைத்தாலும் நீர் பீச்சத்தான் செய்யும். வளையத்தை மாற்றுவது ஒரு ஃபிட்டரின் சில மணி நேர வேலை. ஊராருக்குப் பக்கத்திலேயே ஒரு பொதுக் குழாய் வைத்துக் கொடுப்பது அதைவிடச் சற்றுப் பெரிய வேலை. இவ்விரண்டையும் செய்யாமல் வால்வையே இல்லாததாக்கிவிடுவதை நாம் பராமரிப்பு என்று அழைத்து வருகிறோம்.

இனி, இந்த வால்வு காற்றை வெளியேற்றுவதற்காகவே ஏற்பட்டது என்னும் மூலப் பிழைக்கு வருவோம். சிறு துவாரம் அதற்காக ஏற்பட்டது என்பது மெய். நீரோடு கரைந்து வந்து மேட்டில் திரளும் காற்றை அழுத்தத்தோடிருக்கும்போதே அது சிறுகச் சிறுக வெளியே விடுகிறது. பெரிய துவாரத்தின் சங்கதி வேறு. குழாய் நிரம்பும்போது காற்று வெளியே போவதற்கும், குழாய் காலியாகும்போது காற்று உள்ளே வருவதற்கும் அது ஒன்றே வாசல்; இவ்விரு காரியங்களில் பின்னது மிக அவசரமானது. நிரப்புகிறவர் நிதானமாக நிரப்பலாம். காலியாவது எப்போது, எவ்வளவு வேகத்தில் என்பது எப்போதும் நம் கையில் இல்லை. நம் மத்திய அரசின் குடிநீர்ப் பொறியியல் கையேடே, காற்றை வெளியேற்ற மட்டுமானால் வால்வின் விட்டம் குழாய் விட்டத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும் என்றும், உள்ளே விடவும் வேண்டுமானால் எட்டில் ஒரு பங்கு வேண்டும் என்றும் ஒரு தோராய விதி தருகிறது. 1,200 மி.மீ. குழாய்க்கு முன்னது 100 மி.மீ.; பின்னது 150 மி.மீ. பரப்பில் கணக்கிட்டால் இரண்டேகால் மடங்கு. வெளியேற்றுவதே வால்வின் தொழில் என்றால், இந்த இரண்டேகால் மடங்கு வார்ப்பிரும்பை யாருடைய திருப்திக்காக நாம் விலை கொடுத்து வாங்குகிறோம் என்பதை மூடச் சொல்வோர் விளக்க வேண்டும்.

மளிகைக் கடைக்காரர் எண்ணெய் டின்னில் ஒரு மூலையில் துளையிட்டதோடு நில்லாமல் எதிர்மூலையில் இன்னொரு துளையும் இடுகிறாரே, அந்த இரண்டாவது துளைதான் மேட்டு வால்வு. எண்ணெய் அதன் வழியே வருவதில்லை. ஆயினும் அது இல்லாவிட்டால் எண்ணெய் மடக் மடக்கென்று திக்கித் திணறித்தான் இறங்கும், அவசரப்படுத்தினால் டின்னின் பக்கத் தகடு உள்வாங்கும்.

டின் உள்வாங்குவதைக் கண்டவர்களும், ஆளுயரக் குழாய் உள்வாங்கும் என்றால் நம்ப மறுக்கிறார்கள். வாயுமண்டலத்தின் பாரம் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பிலும் ஏறத்தாழ பத்து டன். நீர்மட்டத்தில் சொன்னால் பத்து மீட்டருக்குச் சற்று அதிகம். உள்ளும் புறமும் அது சமமாயிருக்கும்வரை நம் புலனுக்குத் தட்டுப்படுவதில்லை. உள்ளே இருப்பதை நீக்கிவிட்டால் புறத்திலிருப்பது தன் முழுப் பாரத்தோடு இறங்குகிறது. சூனியம் குழாயை உறிஞ்சி இழுக்கிறது என்று பேச்சு வழக்கில் சொல்வதுண்டாயினும், இழுப்பது எதுவும் உள்ளே இல்லை; வெளியே நின்று நெரிப்பதுதான் உண்டு. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியின் மாக்டபுர்க் நகரத் தலைவராயிருந்த ஆட்டோ வான் கெரிக்கே இதைப் பிரத்தியட்சமாகக் கண்டார். இரு அரைக்கோளங்களைக் குதிரைகள் பிரிக்கமாட்டாமல் நின்ற காட்சியைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அதற்கு முன் நடந்ததை அறிந்தவர்கள் சிலரே. அவர் ஒரு செப்புக் கோளத்திலிருந்து காற்றை இறைத்தெடுக்க முயன்றபோது, வேலை முடியும் தறுவாயில் கோளம் பெருத்த ஓசையுடன் கசங்கி உருக்குலைந்தது. கோளம் முற்றும் உருண்டையாக வார்க்கப்படாததே காரணம் என்று கெரிக்கே கருதி, செவ்வையான உருண்டையாக இன்னொன்று செய்வித்தார், அது தாங்கியது. கைவினைஞர் மேல் பழிபோடும் சாதாரணச் சமாதானம்போல் தோன்றினாலும், இந்த விஷயத்தின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது.

எவ்வாறெனில், உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தம் குழாயின் கோணலைத் திருத்துகிறது; வெளியிலிருந்து உள்ளே தள்ளும் அழுத்தம் கோணலை வளர்க்கிறது. சற்றே சப்பையான குழாயில் நீரின் அழுத்தம் ஏறினால் அது வட்டமாக நிமிர்கிறது. தகடு முழுவதும் இழுவிசையில் நின்று, தன் பலம் அனைத்தையும் செலவிட்ட பின்னரே கிழிகிறது. அதே சப்பையான குழாயின்மேல் புறத்தழுத்தம் விழுந்தால், சப்பை மேலும் சப்பையாகிறது, சப்பையானதால் எதிர்ப்பு குறைகிறது, எதிர்ப்பு குறைந்ததால் இன்னும் சப்பையாகிறது. ஒரு வரம்பு கடந்தபின் தகட்டின் பலம் சிறிதும் உபயோகப்படாமல் முழுக் குழாயும் ஒரு நொடியில் மடிந்துவிடுகிறது. ஆகவே இங்கே கணக்கே வேறு. உள்ளழுத்தத்தைத் தாங்கும் திறன் தகட்டின் கனத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. புறத்தழுத்தத்தைத் தாங்கும் திறனோ கனத்துக்கும் விட்டத்துக்குமுள்ள விகிதத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 1,500 மி.மீ. விட்டமும் 6 மி.மீ. தகடும் உள்ள சாதாரண எஃகுக் குழாயை எடுத்துக்கொள்வோம். உள்ளே 200 மீட்டர் நீரழுத்தம் ஏறினால்தான் அந்தத் தகடு நெகிழத் தொடங்கும். அதே குழாய், இடையில் வலுவளையங்கள் இல்லாமல் தாங்குமேடைகள்மேல் வெட்டவெளியில் நீண்டு கிடக்குமானால், வெளியழுத்தம் உள்ளழுத்தத்தைவிட வெறும் மூன்று மீட்டர் மிஞ்சினாலே மடங்கிவிடும். இருநூறு எங்கே, மூன்று எங்கே! பதினைந்து கிலோவில் சோதித்தேன் என்பவர் தம் குழாயின் எந்தப் பலத்தைச் சோதித்தாரோ அந்தப் பலம் இங்கே சாட்சிக்கு வருவதேயில்லை.

துருவையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். தகட்டில் மூன்றில் ஒரு பங்கு அரித்துப்போன குழாய், உள்ளழுத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கை இன்னும் தாங்கும். புறத்தழுத்தத்திலோ முன்பு தாங்கியதில் மூன்றிலொரு பங்குகூடத் தாங்காது. தகட்டை இரட்டித்து 12 மி.மீ. ஆக்கிவிட்டால் பலம் எட்டு மடங்காகி, முழுச் சூனியத்துக்கும் அஞ்ச வேண்டியதில்லை, அதை மறுக்கவில்லை. ஆனால் மைல்கணக்கான குழாய்க்கு எஃகை இரட்டிப்பதற்குச் சித்தமாயிருப்பவர் யாரேனும் உண்டா என்று கேட்டால், ரப்பர் வளையம் மாற்றுவதற்கே சித்தமில்லாதவர்கள்தாம் மூடச் சொல்கிறார்கள்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக்கு வில்லியம் முல்ஹாலண்ட் கட்டிய நெடுங்கால்வாயில், ஆன்டிலோப் பள்ளத்தாக்கைக் கடந்து செல்லும் பத்தடி விட்டமுள்ள எஃகுக் குழாய் ஒன்று உண்டு. திட்டம் திறந்து சில மாதங்களே ஆன 1914 பிப்ரவரியில், பாலைவனத்தில் பெய்த பெருமழையின் வெள்ளம் குழாயின் தாங்குதூண்களை அடித்துச் செல்ல, குழாய் தாழ்ந்த இடத்தில் முறிந்தது. உள்ளிருந்த நீர் அந்த முறிவின் வழியே ஓடிய வேகத்துக்கு ஈடாக மேலிருந்து காற்று புக முடியாமற்போகவே, கிட்டத்தட்ட இரண்டு மைல் நீளத்துக்குக் குழாய் தட்டையாகப் படுத்துவிட்டது. நீரழுத்தம் கிழித்தது ஓரிடத்தில். காற்று நசுக்கியது இரண்டு மைல். பிறகு முல்ஹாலண்ட் செய்தது இன்னும் சுவையானது. நசுங்கிய தகட்டை வெட்டியெறிந்து புதிது போட வேண்டும் என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்க, முறிவை மட்டும் சரிசெய்து, குழாய்க்குள் மெல்ல மெல்ல நீரை ஏற்றச் செய்தார்; படுத்திருந்த குழாய் தானே எழுந்து வட்டமாயிற்று. உள்ளழுத்தம் கோணலைத் திருத்தும் என்பதற்கு இதைக் காட்டிலும் பெரிய பிரமாணம் வேண்டியதில்லை.

"அதெல்லாம் எங்கேயோ நடந்தது, எங்கள் சர்வீஸில் குழாய் நசுங்கிப் பார்த்ததில்லை" என்பது அடுத்த ஆட்சேபம். பார்க்காததற்குக் காரணங்கள் உண்டு. நன்றாக மண் கெட்டித்துப் புதைத்த குழாய்க்கு மண்ணே பக்கபலமாய் நின்று வட்டத்தைக் காக்கிறது. கனத்த வார்ப்பிரும்பும், டக்டைல் இரும்பும் இயல்பிலேயே இந்த ஆபத்துக்கு அப்பாற்பட்டவை. எனினும் ஆற்றுப் பாலத்தின் பக்கவாட்டில் தொங்கிச் செல்லும் எஃகுக் குழாய்க்கும், கிராமத் திட்டங்களில் வெயில் காய்ந்து கிடக்கும் நாலு கிலோ வகுப்பு பி.வி.சி. குழாய்க்கும் அந்தச் சலுகை இல்லை. இவற்றைவிட முக்கியமான காரணம், நம் வால்வுகள் இன்னும் பெரும்பாலும் திறந்தே இருக்கின்றன என்பதுதான். காவல்காரன் இருக்கும்வரை திருடு போகவில்லை என்பதைக் கொண்டு காவல்காரன் வேண்டாம் என்று தீர்மானிப்பது எந்தத் தர்க்க சாஸ்திரத்தில் அடங்கும்?

நம் நாட்டில் மின்சாரம் நிற்பதற்கு முன்னறிவிப்பு கிடையாது என்பதையும் இவர்கள் மறந்துவிடுகிறார்கள். நீரேற்று நிலையத்தில் மோட்டார்கள் திடீரென்று நின்றால், குழாயில் போய்க்கொண்டிருக்கும் நீர் தன் வேகத்தால் மேலும் போகத்தான் முயலும். பின்னாலிருந்து தள்ளுவார் இல்லை. ரஷ்ய விஞ்ஞானி ஜுகோவ்ஸ்கி மாஸ்கோ நகரக் குழாய்களில் பரிசோதித்து 1898-இல் வெளியிட்ட விதிப்படி, எஃகுக் குழாயில் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகம் ஒரு கணத்தில் அற்றுப்போனால் அழுத்தம் ஏறத்தாழ 100 மீட்டர் மாறுகிறது. பம்பை ஒட்டிய தாழ்வான இடத்தில் அவ்வளவு வீழ்ச்சியைத் தாங்க அழுத்தம் கையிருப்பில் இருக்கும். வழியிலுள்ள மேட்டிலோ இருப்பதே பத்து, இருபது மீட்டர். அங்கே நீர்க்கம்பம் இரண்டாக அறுகிறது. நடுவில் நீராவி மாத்திரம் நிறைந்த ஒரு சூனியம் பிறக்கிறது. அறுந்த இரு துண்டுகளும் திரும்பி வந்து மோதும்போது எழும் நீரடி குழாயை வெடிக்கச் செய்வதும் உண்டு. மேட்டு வால்வு திறந்து ஒரு கவளம் காற்று உள்ளே போனால் சூனியமும் ஏற்படாது, மோதலும் மெத்தென்று முடியும். ஜப்பானில் ஒய்கவா நீர்மின் நிலையத்தில் 1950-இல் நேர்ந்தது இதன் மறுபுறம்: பராமரிப்பு வேலையின்போது வால்வு ஒன்று திடீரென மூடிக்கொள்ள, எழுந்த நீரடியில் குழாய் கீழே பிளந்தது; பிளவின் வழியே நீர் பாய்ந்தோடியதும் மேற்பகுதியில் சூனியம் தோன்றிப் பெருநீளக் குழாய் நசுங்கியது. மூன்று தொழிலாளர் உயிரிழந்தனர். மலைச்சரிவுக் குழாய்களில் மேற்பகுதிக்கே மெல்லிய தகடு போடுவது வழக்கம். அங்கே உள்ளழுத்தம் குறைவு என்பது நியாயம். நசுங்குவதும் அங்கேதான்.

கிடங்குத் தொட்டிகளின் கதை இன்னும் பரிதாபமானது. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் 650-ஆம் எண் தரவிதிப்படி, விசேஷ ஏற்பாடு எதுவுமின்றிக் கட்டிய எண்ணெய்த் தொட்டி தாங்க வேண்டிய சூனியம் 25 மி.மீ. நீர்மட்டம், அதாவது ஓரங்குலம். வானளாவ நிற்கும் தொட்டியின் பலம் அவ்வளவுதான். கோடை வெயிலில் காய்ந்த தொட்டியின்மேல் திடீர் மழை கொட்டினாலே உள்ளிருக்கும் வாயு குளிர்ந்து சுருங்கி அந்த ஓரங்குலத்தைத் தாண்டிவிடும். ஆகவேதான் கூரையில் மூச்சு வால்வு. வர்ணம் பூச வந்தவர், வால்வுக்குள் வர்ணம் தெறிக்கக் கூடாதென்று மிகுந்த அக்கறையுடன் ஒரு பாலிதீன் பையை அதன் தலையில் கட்டிவிட்டு மறந்துபோவதும், மறுநாள் பம்பை ஓட்டி எண்ணெயை இறக்கியதும் தொட்டி உள்வாங்குவதும், தொழிற்சாலை விபத்துகளை ஆராய்ந்த டிரெவர் கிளெட்ஸ் போன்றோர் திரும்பத் திரும்ப எழுதி வைத்த சம்பவ வகை. பாலிதீன் பையைவிடப் பல மடங்கு உறுதியான எஃகு, அந்தப் பையால் அழிகிறது.

கற்றறிந்தோர் எழுப்பும் ஆட்சேபம் ஒன்றைப் புறக்கணிக்கலாகாது. வால்வு அறையில் சாக்கடை நீர் தேங்கியிருக்கும்போது குழாயில் சூனியம் ஏற்பட்டால், வால்வு காற்றுக்குப் பதில் அந்தச் சாக்கடையையே உள்ளே விடும். ஆகவே சுகாதாரத்தை முன்னிட்டு மூட வேண்டும் என்கிறார்கள். முற்பாதி முழு உண்மை, பிற்பாதி விபரீதம். வால்வை மூடியதால் சூனியம் நீங்கிவிடுவதில்லை. அது இன்னும் ஆழமாகி, பழைய கேஸ்கட் வழியாகவும், சாக்கடைக்குள் முழுகிக் கிடக்கும் வீட்டு இணைப்பின் விரிசல் வழியாகவும், நூறிடத்தில் அழுக்கை வாங்கிக்கொள்கிறது. 1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு வந்தவர்கள் தங்கிய இரண்டு ஹோட்டல்களில், பிழையான குழாயிணைப்புகளாலும் பின்னுறிஞ்சலாலும் கழிவுநீர் குடிநீரில் கலந்து, 1,400 பேருக்கு மேல் அமீபா வயிற்றுக்கடுப்புக் கண்டு, 98 பேர் மாண்டனர். அந்நகரம் அதிலிருந்து கற்றது காற்று புகும் வழியை அடைப்பதையன்று. சூனியத்தை முறிக்கும் சாதனங்களைக் குழாயிணைப்புகளில் கட்டாயமாக்குவதை. நம் தெருக்களில் முறைவைத்துத் தண்ணீர் விடும் நேரத்தில் வீட்டுக்கு வீடு பிரதானக் குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுவதைப் பார்க்கிறவர்கள், சிகாகோ தூரத்திலிருப்பதாக எண்ணவேண்டியதில்லை. அறையில் நீர் தேங்குகிறதென்றால் அறைக்கு வடிகால் வெட்டலாம். வால்வின் வாயைத் தரைக்கு மேல் ஒரு வளைகுழாயால் உயர்த்தி, வலை கட்டிக் கவிழ்த்து வைக்கலாம்.

அளவுக்கு மீறிப் பெரிய வால்வு, புகுந்த காற்றை மிக விரைவில் வெளியே விட்டு, உருண்டை படாரென்று அடைபட்டு, புதிதாக ஒரு நீரடியை உண்டாக்கும் என்று சொல்பவர்களோடு எனக்கு விவாதம் இல்லை. அவர்கள் சொல்வது சரி. தாராளமாக உள்ளே விட்டு, நிதானமாக வெளியே அனுப்பும் வால்வுகள் அதற்காகவே செய்யப்படுகின்றன. அவற்றை வாங்க வேண்டும். மூடச் சொல்வதற்கு அதில் ஆதாரம் இல்லை.

கடைசியாக, குழாயை வடிக்கும் முறையைப் பற்றி ஒன்று. பழுது பார்ப்பதற்கென்று பள்ளத்திலுள்ள ஸ்கவர் வால்வைத் திறந்து நீரை வெளியேற்றும் நாள்தான் மெல்லிய குழாய்க்கு மிகவும் அபாயமான நாள். அன்று வேலை பள்ளத்தில் தொடங்கலாகாது. முதலில் ஓர் ஆள் மேட்டுக்குப் போய், ஏர் வால்வின் அடைப்பு முழுவதும் திறந்திருக்கிறதா என்று சாவியைப் போட்டே பார்க்க வேண்டும். பிறகு கீழே ஸ்கவரை நாலு சுற்று மட்டும் திறக்கச் சொல்லிவிட்டு, நீர்மட்டம் மேட்டுக்குக் கீழே இறங்கியதும் வால்வின் பெரிய துவாரத்தருகே ஒரு செய்தித்தாள் துண்டைப் பிடிக்க வேண்டும். தாள் துவாரத்தை நோக்கி இழுபட்டால் மீதிச் சுற்றுகளையும் திறக்கலாம். இழுபடாவிட்டால் உருண்டை வளையத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது; ஸ்கவரை உடனே மூடிவிட்டு, ஃபிட்டரை மேட்டுக்கு அனுப்ப வேண்டும்.